ஒரு மணி ஆடிட்

— எந்திரி மாமா. மணி பன்னெண்டேகால் ஆச்சி. ஒரு மணிக்கெல்லாம் அத்தை வீடியோ கால்ல வந்து நிக்கும்.

— நீ எந்திரி காவியா. ஆறு நாளா ஷாஃப்ட்ட உருட்டி உருட்டிப் பாத்து முதுகு ஒடிஞ்சி கெடக்கறேன். ஞாயித்துக்கெழமயாவது அது தரையில படட்டும்.

— நான் மட்டும் என்னா, கம்பெனியில ஊஞ்சல் கட்டி ஆடிக்கிட்டு இருக்கறனா? எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே செல்போனுக்கு முதுகு மாட்டறேன். என் முதுகப் பத்திக் கேக்கத்தான் ஆளில்ல.

— சரி விடு, சண்ட வேணாம். லாஜிக்கா பாத்தா ரெண்டு பேருமே சமைக்க வேணாம். ஒருத்தரு மட்டும் மாடிக்குப் போயி சாந்தக்கா கிட்ட கொழம்புக் குண்டான வாங்கிட்டு வந்தா போதும். அந்த ஒருத்தரு நீ.

— அதத்தான் மாமா சொல்ல வந்தேன். சாந்தக்கா வீடு பூட்டிக் கெடக்குது.

— பூட்டியா? ஞாயித்துக்கெழமயா? அந்தம்மாவுக்குப் பொறுப்பு வேணாம்?

— ஆனேக்கல்ல அவங்க தங்கச்சி பொண்ணுக்கு நிச்சயமாம். காத்தால ஏழு மணிக்கே பட்டுச்சேல கட்டிக்கிட்டு கெளம்பிட்டாங்க. எறங்கிப் போறப்போ கதவத் தட்டி, "காவியா, ஊட்டா ஆய்தா"ன்னு கன்னடத்துல வேற கேட்டாங்க. பல்லே வெளக்கல, நான் எங்க ஊட்டா சாப்பிட? ஆயித்து ஆயித்துன்னு சொல்லிட்டேன்.

— அதுலயும் பொய்யா?

— ஏழு மாசமா அவங்க கொழம்ப நம்ம கொழம்புன்னு உங்கம்மாவுக்குக் காட்டறோம். இந்தப் பொய்யி கணக்குலயே வராது.

— அப்போ இன்னிக்கி மாஸ்டர் சாம்பிள் இல்ல.

— கொழம்புன்னு சொல்லு மாமா. உன் கம்பெனி நாயத்த வீட்டுக்குள்ள கொண்டாராத.

— லாஜிக்கா பாரு காவியா. கஸ்டமரு ஆடிட்டுக்கு வர்றாருன்னா, கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒரு ஷாஃப்ட் வெச்சிருப்போம். ஒரு கீறல் இருக்காது, மொகம் பாத்துத் தல சீவலாம். அவரு அதப் பாத்து தலயாட்டிட்டு, முந்திரி பிஸ்கெட்ட தின்னுட்டு பெங்களூரு பக்கம் கார ஏத்திருவாரு. சாந்தக்கா கொழம்பும் அதேதான். காட்டறதுக்கு. காட்டிட்டு, அப்பறம் கொஞ்சம் திங்கறதுக்கு.

— கொஞ்சமா? போன வாரம் குண்டான வழிச்சி நக்கிட்டு, பாவம் அவங்களுக்கு ஒரு கரண்டி மட்டும் கிண்ணத்துல திருப்பிக் குடுத்த. சரி, இந்த ஆடிட்ட ஆரம்பிச்சது யாரு? நானா?

— நான்தான். இல்லன்னா என்ன செய்யச் சொல்ற? பொங்கலுக்குப் போனப்போ அம்மா அவரைக்கா தோட்டத்துல மயங்கி விழுந்துச்சி இல்ல? டாக்டரம்மா என்னா சொன்னாங்க? ரெண்டு நாளா இந்த வயித்துல ஒரு பருக்க போவலன்னு. அப்பா போயி அப்போ ரெண்டு மாசந்தான். உங்கப்பன் இல்லாத வீட்ல யாருக்குடா அடுப்பு மூட்டறதுன்னு என்னையே கேட்டுச்சி. அதான் ஞாயித்துக்கெழம ஒரு மணிக்குத் தட்ட போன்ல காட்டணும்னு ரூல் போட்டேன். அந்தத் தட்டப் பாத்தாத்தான் எனக்கு அந்த வாரம் ஷிஃப்ட் ஓடுது.

— அந்த ரூலு சரிதான் மாமா. அதுல நான் குத்தம் சொல்லல. "நான் காட்டறேன், நீங்களும் காட்டுங்க"ன்னு அத்தை சொன்னப்போ, பெரிய மனுசனாட்டம் சரின்னு தலயாட்டினியே, அங்கதான் மாட்டிக்கிட்டோம்.

— மொத வாரம் நூடுல்ஸக் காட்டாம இருந்திருக்கலாம்.

— நூடுல்ஸா அது? தண்ணி பத்தாம அடிப்புடிச்சி, கேக்கு மாதிரி வெட்டி எடுத்தோம். அத்தை பாத்துட்டு, "எம்புள்ளைக்கு கண்ணு ரெண்டும் குழி விழுந்து போச்சி, பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து நானே ஆக்கிப் போடறேன்"னு கெளம்பிருச்சி. அன்னிக்கி நான் அழுதனே, ஞாபகம் இருக்குதா? அத்தை வர்றதுக்கு அழுவல. வந்து இந்த அடுப்படியப் பாத்தா, ஊரு பூரா என்னா நெனைக்கும்? கரியப்பன் மருமவ சோறாக்கத் தெரியாதவன்னு பேரு வாங்கணுமா நான்? அதான் அடுத்த வாரமே சாந்தக்கா கொழம்பக் காட்டி அத்தைய வராம நிறுத்தினோம்.

— உனக்கு ஆக்கத் தெரியாதுன்னு யாரு சொன்னா? தெரியும். செய்யறதுக்கு தெம்புதான் இல்ல. எனக்கும் அதேதான்.

— உனக்கு தெரியாது, தெம்பும் இல்ல. ரெண்டையும் ஒட்டுக்கா சேக்காத.

— ஏன், நான் ஆக்கினதே இல்லியா? பிரெட்டுல ஆவக்கா ஊறுகாய தடவி, சுருட்டி, குச்சி குத்திக் குடுத்தனே.

— ஆந்திரா பர்கர்.

— பேரு கூட நல்லா இருந்துச்சில்ல?

— பேரு நல்லாத்தான் இருந்துச்சி. அடுத்த நாளு நான் கம்பெனியில லைன நிறுத்திட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். அப்பறம் தக்காளி சாதம்னு ஒண்ணு. ஆறிப்போன சோத்துல சாஸ ஊத்திப் பெசஞ்சி, மேல மிச்சரத் தூவின.

— ரெண்டு நிமிஷத்துல ரெடியாச்சி. உலகத்துல எந்த லைன்லயும் அவ்ளோ வேகமா பீசு வெளிய வராது.

— எந்த லைன்லயும் அந்தப் பீசு பாஸும் ஆவாது. நீதான குவாலிட்டியில இருக்கற, நீயே சொல்லு.

— நான் ஷாஃப்ட்டுக்குத்தான் குவாலிட்டி. முடி அளவு கீறலு இருந்தாக்கூட கண்டுபுடிச்சிருவேன். சோத்துல நான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன். சரி, வீட்ல என்னென்ன ஸ்டாக்கு இருக்குதுன்னு சொல்லு.

— ரெண்டு வெங்காயம். அதுல ஒண்ணு மொளச்சி, தொட்டியில வெச்சா பூவே பூக்கும். முட்ட ஒண்ணு, விரிசல் விட்டது. அரைப் பாக்கெட்டு பொரி. பொட்டுக்கல்ல கொஞ்சம். பச்சமொளகா மூணு. மிச்சமெல்லாம் டப்பா, டப்பாக்குள்ள காத்து.

— அரிசி?

— அரிசி இருக்குது. குக்கரு கழுவல.

— கழுவிடலாம்.

— வியாழக்கெழம பொங்கலு வெச்சது. தொறந்தா நீயும் மயங்குவ, நானும் மயங்குவேன். அப்பறம் நம்மள யாரு ஆடிட் பண்ணுவாங்க?

— தொறக்க வேணாம். முக்குக் கடையில பிரியாணி சொல்லிருவமா?

— ஞாயித்துக்கெழம அங்க நிக்கற வரிசயப் பாத்தியா? கம்பெனி கேன்டீனே தேவல. கெடச்சாலும், வாங்கின பிரியாணி அத்தை கண்ணுக்குத் தெரியாதா? ஒரு வாட்டி காட்டினப்போ, "ஏன்டா ராசா, எல்லாரு வீட்லயும் முட்டய உரிச்சி வெப்பாங்க, உங்க வீட்ல மட்டும் முட்ட கவருக்குள்ள பொறந்திருக்குதா"ன்னு கேட்டுச்சி.

— அப்போ ஒரே வழிதான். நாமளே ஒரு மாஸ்டர் சாம்பிள் செய்யணும்.

— பொய்க் கொழம்பா?

— கேமராவுக்கு மூக்கு கெடையாது காவியா. நாக்கும் கெடையாது. கண்ணு மட்டுந்தான். குண்டான்ல தண்ணி ஊத்து, மஞ்சத்தூளு, மொளகாத்தூளு போடு, மேல ஒரு கரண்டி எண்ணெய ஊத்து. எண்ணெய் மேல மெதந்தா, உலகத்துல எவன் பாத்தாலும் அதுக்கு கொழம்புன்னுதான் பேரு.

— கறி?

— மொளச்ச வெங்காயத்த ரெண்டா வெட்டிப் போடு. பாதி முங்கி பாதி முங்காம இருந்தா கோழித் தொடை மாதிரி தெரியும். மொளய மட்டும் கிள்ளிரு. தொடையில எல முளைச்சிருந்தா அம்மாவுக்கு சந்தேகம் வரும்.

— படிச்சவன் மூளையே மூளைதான். கொழம்பு வெக்க சோம்பல்பட்டு, கொழம்பு மாதிரி ஒண்ண வெக்க இவ்ளோ நேரம் நிக்கற. இந்நேரத்துக்கு நெசமாவே ஒரு கொழம்பு வெச்சிருக்கலாம்.

— அது வேல. இது டெவலப்மென்ட். எந்தக் குண்டான்ல வெக்கறது?

— போன வாரத்து சாந்தக்கா குண்டானு இங்கதான் இருக்குது. அதுதான் கழுவி இருக்குது. நம்மளது எல்லாம் சின்க்குல மூச்சு முட்டிக் கெடக்குது.

— கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் குடுத்த பாத்திரம்?

— பரண் மேல, சாக்குப் பையில. ஏணி சாந்தக்கா வீட்ல. பேசாம அடுப்ப பத்த வை.

— கொதிக்குது பாரு. என்னா கலரு! அம்மா சத்தியமா சொல்றேன் காவியா, பாத்தா எனக்கே பசிக்குது.

— திங்கறதுக்கு பொரிதான். ஆளுக்கு ஒரு கிண்ணம், பச்சையா கொறிச்சிட்டு படுத்துக்கலாம். அய்யோ, அடிக்குது மாமா, போனு அடிக்குது! அடுப்பு பக்கத்துல நில்லு. மூஞ்சிய சமைச்ச மாதிரி வெச்சிக்க.

— சமைச்ச மாதிரின்னா எப்பிடி?

— வேர்த்த மாதிரி. நெத்தியத் தொட.

— அம்மா! ஆங், கேக்குதாம்மா? உன் நெத்தி மட்டுந்தான் தெரியுது. போன கொஞ்சம் தள்ளி சொம்பு மேல சாத்தி வை.

— இப்ப தெரியறனா ராசா? ஏன் கண்ணு, இப்பிடி வேர்த்துக் கெடக்குற?

— அடுப்படியிலயே நிக்கறோம்மா காத்தாலேர்ந்து.

— அய்யோ பாவம். காவியா எங்க? ஆங், இருக்கறியா பாப்பா. உன் மூஞ்சியும் வாடித்தான் கெடக்குது.

— நல்லா இருக்கறோம் அத்தை. நீங்க மொதல்ல உங்க தட்டக் காட்டுங்க. மாமா அதப் பாக்காம வாய தொறக்க மாட்டாரு.

— காட்டறேன், காட்டறேன். இந்தா களி. சூடு பாரு, ஆவி பறக்குது. இது கீரக் கடைசலு. இது கத்திரிக்கா போட்ட கருவாட்டுக் கொழம்பு, குண்டானோட வெச்சிருக்கேன். கருவாட்டுத் துண்டு எண்ணி அஞ்சு கெடக்குது.

— அடேயப்பா! ஒரு ஆளுக்கு இவ்ளோவாம்மா? அந்தக் குண்டான கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, வெளிச்சத்துல பாக்கறேன்.

— திருப்பினா ஊத்திக்கும்டா. இருக்கறபடி பாரு. தெரியுதில்ல?

— தெரியுது தெரியுது. ஆடிட் ஓகே. அம்மா பாஸ்!

— யாரு அத்தை பின்னால? தல ஒண்ணு தெரியுது.

— நம்ம பக்கத்து வீட்டு சரோஜாதான் கண்ணு. பாத்திரம் கேட்டு வந்தா. எம்புள்ள கூட பேசிட்டு தர்றேன், உக்காருன்னு உக்கார வெச்சிருக்கேன். சரி, என்னதப் பாத்தாச்சி. உங்களத காட்டுங்க.

— இந்தாம்மா, பாரு. கோழிக் கொழம்பு. கொதிக்குது பாத்தியா?

— ஆமா, நல்லாத்தான் கொதிக்குது. என்னாடா இவ்ளோ மஞ்சளா இருக்குது?

— நாட்டுக்கோழிம்மா. அதான்.

— நாட்டுக்கோழியா? மூக்கண்டப்பள்ளியிலயா? யாரு வளத்தது?

— அது... காவியா, யாரு வளத்தது?

— கடைக்காரரு வளத்தாரு அத்தை.

— சரி. கரண்டியப் போட்டு ஒரு கலக்கு கலக்கு பாப்பா. பீசு மேல வரட்டும்.

— கலக்கக்கூடாதும்மா! லாஜிக்கா பாத்தா, கொதிக்கறப்போ கலக்கினா கறி ஒடைஞ்சி போயிரும்.

— அம்பது வயசு வரைக்கும் கலக்கினவகிட்டயாடா கதை சொல்ற? கலக்கு கண்ணு.

— மாமா, நீ கலக்கு.

— நீ கலக்கு காவியா, உன் கொழம்பு.

— இப்ப மட்டும் என் கொழம்பா? பேடப்பா, நான் மாட்டேன்.

— யாராச்சும் ஒருத்தரு கலக்குங்கடா. ஆங்... அதென்னா அது மேல வர்றது? தொடையா?

— தொடைம்மா.

— தொடை ஏன்டா ஏடு ஏடா பிரியுது? அட ஆண்டவனே! வெங்காயத்த வேவ வெச்சிக்கிட்டு கோழின்னா சொல்றீங்க? சரோஜா, இங்க வாடி, வந்து பாரு, என் மவன் வெங்காயத்துக்கு காலு வெச்சிருக்கறான்!

— அம்மா, சிரிக்காதம்மா. பொற ஏறப் போவுது.

— மஞ்சத்தண்ணி, அத்தை. சத்தியமா மஞ்சத்தண்ணிதான். நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்க புள்ளதான் டெவலப்மென்ட்னாரு.

— நீ ஒரே நிமிஷத்துல அப்ரூவரு ஆயிட்ட பாரு.

— இன்னிக்கி பொய்க் கொழம்பு. போன வாரம்? அதுக்கு முந்தின வாரம்? அந்த எலும்புக் கொழம்பு, மொச்சக்கொட்ட, ஆடிக்கு வெச்ச பாயாசம்?

— அதெல்லாம் நெசமான கொழம்புதாம்மா.

— நெசந்தான். யாரு வெச்சது?

— அது வந்து... மாடி வீட்டு சாந்தக்கா.

— எனக்குத் தெரியும்டா.

— தெரியுமா?

— ஏழு மாசமா தெரியும். நெனச்சிப் பாரு. உங்க கல்யாணத்துக்கு கிருஷ்ணகிரி பாத்திரக் கடையில மூணு மணி நேரம் நின்னேன். ஒவ்வொரு குண்டான்லயும் ஒங்க ரெண்டு பேரு பேரையும் வெட்டி, பக்கத்துல ஒரு பூவும் போடுய்யான்னு சொன்னேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, பூவு தெரியும். ஏழு மாசமா வாராவாரம் குண்டானக் காட்டறீங்க, ஒரு வாரமாச்சும் அந்தப் பூவு வந்துச்சா? எழுத்தும் நம்ம எழுத்து மாதிரி இல்ல, ஜிலேபி மாதிரி சுத்திக்கிட்டு கெடந்துச்சி.

— கன்னடம் அத்தை அது.

— என்னாவோ. இன்னிக்கும் அதே ஜிலேபிதான். பாத்ததும் இது இரவல்னு தெரிஞ்சி போச்சி.

— அப்பறம் ஏம்மா சொல்லல? ஏழு மாசமா நாங்க அந்தக் குண்டான மாடிப்படியில தூக்கிட்டு ஏறி எறங்கறோம்.

— சொன்னா காட்டறத நிறுத்திருவீங்க. இரவல் கொழம்பா இருந்தாலும், ஞாயித்துக்கெழம ஒரு வேள எம்புள்ள நாக்குல நல்லது படுதுல்ல? அது போதும்னு விட்டுட்டேன். உனக்கு வெக்கமா இருக்குமேன்னும் பாத்தேன் காவியா. வெக்கப்படாத கண்ணு. நின்னு நின்னு வேல பாக்கற உடம்பு, எப்பவுமா அடுப்பு கிட்ட போவும்?

— அத்தை, நீங்க இப்பிடிச் சொன்னதும் எனக்கு அழுவ வருது.

— அழுவாத. அழுதா பசி ஜாஸ்தியாவும். நெசமா இப்ப என்னா திங்கப் போறீங்க? அந்த மஞ்சத்தண்ணியவா?

— பொரி, பொட்டுக்கல்ல, விரிசல் விட்ட முட்ட ஒண்ணு இருக்குது அத்தை. பொரிய சும்மா கொறிக்கலாம்னு.

— சும்மா கொறிச்சா வயித்துல நிக்காதுடி. நான் சொல்றபடி செய்யுங்க, அஞ்சு நிமிஷம். பொரிய தண்ணியில போட்டு, போட்ட கையோட அள்ளிப் புழிஞ்சிரு. ஊற உட்டா கூழாப் போயிரும். புள்ளகிட்ட குடு, அவன் புழியட்டும், கையாவது வேல செய்யட்டும்.

— ஆங், புழியறேன்மா. கை ரெண்டும் நனைஞ்சாச்சி. மேல?

— வடச்சட்டியில கடுகு, நல்ல வெங்காயம் ஒண்ணு, கீறின பச்சமொளகா ரெண்டு. வதங்கினதும் மஞ்சத்தூளு கொஞ்சம். இருக்கற மஞ்சளப் பூரா கோழிக்கே போட்டுட்டியா?

— கொஞ்சம் இருக்குது அத்தை. போட்டுட்டேன். கையெல்லாம் மஞ்சளு.

— இப்ப பொரியப் போட்டு ரெண்டு பெரட்டு பெரட்டு. பொட்டுக்கல்லய பொடி பண்ணி மேல தூவு. அந்த விரிசல் முட்டயையும் ஒடைச்சி ஊத்திப் பெரட்டிக்க, வீணாப் போவ வேணாம். அவ்ளோதான். தயிரு இருந்தா மேல ஒரு கரண்டி. தின்னு பாரு, சாயந்தரம் வரைக்கும் தாங்கும். ஒரு ஆளுக்கு ரெண்டு கை பொரி போதும். கூட போட்டு மிச்சம் வெக்காதீங்க. ராத்திரிக்கு ரப்பரு மாதிரி ஆயிரும், மெல்ல முடியாது, வாய் வலிக்கும்.

— வாசனையே தூக்குதே அத்தை! வேற என்னா இருக்குது இந்த மாதிரி? சொல்லுங்க, எழுதி வெச்சிக்கறேன்.

— நெறய இருக்குது. பச்சப்புளி ரசம். புளியக் கரைச்சி, வெங்காயத்த பச்சையா நசுக்கிப் போட்டு, வரமொளகாய சுட்டு கசக்கி விட்டா முடிஞ்சது, அடுப்பே வேணாம். முந்தின நாளு சோத்துல ஊத்திக்கலாம். அவுல மோருல ஊறப் போட்டு உப்பு போட்டுக்கலாம். அதுவும் சலிச்சிதுன்னா, டீயில வறுக்கிய ரெண்டு தொட்டுத் தின்னுட்டு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு படுத்துட்டா, வயிறு கேக்காது.

— உங்களுக்கு எப்பிடி அத்தை இவ்ளோ தெரியுது? நீங்க நேரா நேரத்துக்குக் களி கெளறி, கொழம்பு வெக்கறவங்க.

— எல்லாம் கேள்விதான் கண்ணு. இந்தத் தெருவுல சோம்பேறிங்களுக்கா பஞ்சம்? சரி, வெந்துருச்சி, தட்டுல போட்டுத் தின்னுங்க. போன நீயே கட் பண்ணு ராசா. அந்த செவப்பு பொத்தான் எங்க போயி ஒளிஞ்சிக்குதுன்னே எனக்கு தெரியல.

— இரும்மா. நீ சாப்பிடு, நான் பாக்கணும். வாராவாரம் தட்டக் காட்டற, சாப்பிட்டு ஒரு நாளும் பாத்ததில்ல.

— நீங்க திங்காம எனக்கு எப்பிடி எறங்கும்? நீங்க மொதல்ல வாயில வையுங்க. சரோஜா வேற காத்துக்கிட்டு இருக்கறா. நான் போன கீழ வெக்கறேன். நல்லா தின்னுங்க ராசா.

— சரிம்மா, வையி. காவியா, கட் பண்ணு.

— என் கை பூரா மஞ்சளு. நீ பண்ணு.

— என் கையில பொரித் தண்ணி. விடு, அம்மா கவுத்து வெச்சிருச்சி போல, கறுப்பாத்தான் தெரியுது. அதுவே கட் ஆவும். தட்ட எடு மொதல்ல.

— இந்தா. எப்பிடி இருக்குது?

— ஏன்டி, இத்தினி நாளா இது தெரியாமயா ஆந்திரா பர்கரு தின்னோம்?

— தின்னோம்னு சொல்லாத. தின்ன வெச்சேன்னு சொல்லு.

— ஒண்ணு சொல்லட்டா காவியா? நெசமாவே வெக்கமா இருக்குது. எனக்கு முப்பத்திரெண்டு வயசு, உனக்கு இருபத்தெட்டு. நாம வெங்காயத்துக்கு காலு வெச்சிக்கிட்டு கெடக்கறோம். இந்த வயசுல அம்மா தனியாளா இருந்துக்கிட்டு களி, கீர, கருவாட்டுக் கொழம்புன்னு எப்பிடி வெச்சிருக்குது பாரு.

— எனக்கும் அதான் மாமா தோணுது. அடுத்த ஞாயித்துக்கெழம அத்தையப் பாக்க வேப்பனப்பள்ளிக்கு போயிட்டு வருவமா? பொங்கலுக்குப் போனது. மாங்கா சீசன் முடிஞ்சதும் வர்றோம்னு சொன்னோம். சீசன் முடிஞ்சி, மரமே மறந்து போயிருக்கும்.

— போலாம். ஆனா ரெண்டு பஸ்ஸு மாறணும், ஒரு நாளு லீவு அதுலயே போயிரும். லாஜிக்கா பாத்தா, இப்ப அவசரம் என்னா? நேரா நேரத்துக்கு நல்லா சாப்பிடுது, நாமளே கண்ணால பாத்தாச்சி. தீபாவளிக்கு போயிக்கலாம்.

— சரோஜா, அவன் போயிட்டான், வாடி. ரொம்ப நேரம் உன்ன உக்கார வெச்சிட்டேன்.

— மாமா, அது அத்தை கொரலு. போனு கட் ஆவல.

— ஷ்ஷ். இரு.

— இந்தா உன் கொழம்பு. கரண்டிகூட போடல, கருவாடு அஞ்சும் அப்பிடியே கெடக்குது. களியையும் எடுத்துக்க, ஆறறதுக்குள்ள உம்புள்ளைங்களுக்குப் போடு. உன் பேரு வெட்டின பக்கத்த செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிருந்தேன், திருப்பு திருப்புன்னான், நல்லவேள, கண்டுபுடிக்கல... போறப்போ அந்தப் பொரி டப்பாவ மட்டும் இப்பிடி தள்ளிட்டுப் போ.